ஃபேன் சுற்றியது

வரப்புத் தகராறில் இருந்த மருதையனும் தம்பி இராஜாங்கமும் நில வரைபடம் எடுக்க, குடவாசலில் அருள்செல்வியின் கம்ப்யூட்டர் சென்டருக்கு வந்தார்கள். வரைபடத்தைத் திறக்கும்போதெல்லாம் கம்ப்யூட்டர் அணைந்தது.

அருள்செல்வி கூப்பிட்டு வந்த மெக்கானிக் குழந்தைராஜ் பவர் சப்ளையைத் தனியே கழற்றி, அது ஓடுகிறதா என்று பார்க்க அதன் பிளக்கில் வயர்த் துண்டு ஒன்றைச் செருகினார். அதன் ஃபேன் சுற்றியது.

"சப்ளை நல்லாத்தான் இருக்கு."

திரும்ப மாட்டினார். திரும்ப அணைந்தது.

"அண்ணன்தான் ஏதோ மந்திரிச்சு வெச்சிருக்காரு," என்றார் இராஜாங்கம்.

"யாருடா மந்திரிச்சது?" மருதையன் கையை ஓங்கினார்.

அருள்செல்வி இடையில் புகுந்தாள். "குழந்தைராஜ் அண்ணே, சும்மா கெடக்கையில ஃபேன் சுத்தத்தான் செய்யும். வேலை குடுத்தாத்தானே தெரியும்? பக்கத்துக் கம்ப்யூட்டர் சப்ளைய மாட்டிப் பாருங்க."

மாட்டியதும் வரைபடம் முழுதாக வந்தது. சண்டைக்குரிய வரப்பு இருவர் நிலத்திலும் இல்லை. அரசாங்கத்தின் வாய்க்கால் புறம்போக்கில் இருந்தது.

"பிரிண்ட் வேணாம்மா," என்று அண்ணனும் தம்பியும் ஒரே குரலில் சொல்லிவிட்டு, ஒரே பைக்கில் ஏறிப் போனார்கள்.