ஹாம்பர்க்கிலிருந்து திரும்பி வந்த பொதிகள்

கடிதம் வந்தபோது டிலா கிடங்கில் பொதி கட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தாள். ஹாம்பர்க் கம்பெனி பணத்தை அனுப்பிவிட்டுத்தான் எழுதும். இந்தத் தடவை பணம் வரவில்லை, கடிதம் மட்டும் கைபேசியில் வந்து நின்றது. கையைத் துடைத்துக்கொண்டு மொழிபெயர்த்துப் படித்தாள். முதல் தடவை ஒன்றும் பிடிபடவில்லை. இரண்டாம் தடவை படித்தபோதுதான் புரிந்தது.

பதினோரு டன் சேஜ் தழையை அவர்கள் வேண்டாமென்று ஒதுக்கிவிட்டார்கள். தழையோடு ஏதோ களை கலந்திருக்கிறதாம். அந்தக் களையின் நஞ்சு ஈரலைக் கெடுக்குமாம். பரிசோதனைக் கூடத்தின் அறிக்கையும் கூடவே இருந்தது. சரக்கை அங்கேயே அழித்துவிடலாம், அல்லது அவளுடைய செலவில் திருப்பி எடுத்துக்கொள்ளலாம். பத்து நாளுக்குள் பதில் வேண்டும் என்று முடித்திருந்தார்கள்.

அல்பேனியாவில் கோப்லிக் பக்கத்தில் சேஜ் விளையாத வீடு குறைவு. ஏரிக்கும் மலைக்கும் நடுவில் கிடக்கும் கல்லாங்காட்டில் வேறு எதுவும் உருப்படியாக வராது. சாம்பல் பூத்த இந்தச் செடி மட்டும் யாரையும் கேட்காமல் வளரும். காய்ந்த பிறகும் மணம் போகாது. வெளிநாட்டுக்காரர்கள் அதை இறைச்சியில் தூவுவார்கள், தேநீராகக் காய்ச்சிக் குடிப்பார்கள். டிலா வீட்டு முற்றத்தில் ஒரு தராசை வைத்து அக்கம்பக்கத்தில் வாங்க ஆரம்பித்தவள். முதல் பத்து வருடம், வாங்கியதை ஷ்கோதர் நகரத்துப் பெரிய வியாபாரி லுவானிடம்தான் போட்டாள். அவர் சொன்னதுதான் விலை. மூன்று வருடத்துக்கு முன்னால் அவளுடைய புருஷன் ஃப்ரான், இத்தாலியில் லாரி ஓட்டி மாடி கட்டுவதற்கென்று சேர்த்த பணத்தை அவள் கையில் கொடுத்தான். மாடி எழும்பவில்லை. சல்லடை இயந்திரமும் கிடங்கும் வந்தன. டிலா லுவானைத் தாண்டி நேராக ஹாம்பர்க்குக்கு விற்றாள். இரண்டு கன்டெய்னர் நல்லபடியாகப் போயிற்று. இது மூன்றாவது.

இருபத்தேழு வீட்டுத் தழை அந்தக் கன்டெய்னரில் இருந்தது. எடை போட்ட அன்று பாதி விலை கொடுத்திருந்தாள். மீதி, ஹாம்பர்க் பணம் வந்ததும் என்று பேச்சு.

ஒவ்வொரு வீட்டுத் தழையிலும் ஒரு கைப்பிடி எடுத்துப் பெயர் எழுதிப் பையில் போட்டு வைக்கும் பழக்கம் அவளுக்கு இருந்தது. மாதா கோவில் அப்பமா எடுத்து வைக்கிறாய் என்று ஊர் கேலி செய்த பழக்கம் அது. அன்று மத்தியானம் வெள்ளைத் துணியை விரித்து இருபத்தேழு பைகளையும் ஒன்றொன்றாகக் கொட்டினாள். களை எப்படி இருக்கும் என்று, கடிதம் எழுதிய கம்பெனிக்காரி படம் அனுப்பியிருந்தாள். மஞ்சள் பூப் பூக்கிற சாதாரணச் செடிதான்; வரப்போரம் எங்கும் கிடப்பது. காய்ந்தால் வெள்ளைப் பஞ்சாகப் பறக்கும். இருபத்து மூன்று பைகள் சுத்தமாக இருந்தன. மூன்றில் ஒரு இழை, இரண்டு இழை. கடைசிப் பையைக் கொட்டியபோது துணி முழுக்கப் பஞ்சு ஒட்டிக்கொண்டது. பையில் இருந்த பெயரைப் பார்க்காமலே கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு பார்த்தாள். பஷ்கோ என்று எழுதியிருந்தது.

பஷ்கோ ஃப்ரானுடைய அண்ணன். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஒரு கல்சுவர்தான்.

அவள் போனபோது அவர் கொட்டகையில் ஆட்டுக்குத் தீவனம் வைத்துக்கொண்டிருந்தார். அவருடைய மனைவி மிரிகா வழக்கம்போலக் காப்பி கொண்டு வந்தாள். காப்பியைக் குடித்து முடிக்கும்வரை டிலா ஊர்க்கதைதான் பேசினாள். மிரிகா கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போன பிறகு விஷயத்தைச் சொன்னாள்.

"எங்க மூட்டையா?" என்றார் பஷ்கோ.

"நாலு வீட்டுதுல இருக்கு அத்தான். உங்களதுல அதிகம்."

அவர் தீவன வாளியைக் கீழே வைத்தார். மறுப்பார் என்று நினைத்துத்தான் அவள் வந்திருந்தாள். மறுத்தால் காட்டுவதற்குப் பையையும் கொண்டு வந்திருந்தாள். அது தேவைப்படவில்லை.

"இந்த வருஷம் கையால அறுக்கல," என்றார். "பெட்ரோல் மெஷின் வாடகைக்கு எடுத்தேன். அது செடி எது, களை எதுன்னு பாக்குமா? எல்லாத்தையும் சேத்து இழுத்துட்டு வந்துச்சு."

"களை எடுக்கலியா?"

"யாரு எடுக்கறது? பசங்க ரெண்டு பேரும் ஷ்டுட்கார்ட்ல ஓடு பதிக்கிறானுங்க. இவளுக்கு முழங்கால் மடங்காது. அஞ்சு ஏக்கர்ல குனிய நான் ஒருத்தன்தான் இருக்கேன்."

"முடியலைன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தான்."

"தம்பி பொண்டாட்டிகிட்ட வந்து என்னால முடியலைன்னு சொல்லணுமா?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. அப்படி ஒன்றைச் சொல்வது எப்படி என்று உண்மையிலேயே தெரியாதவர் கேட்பது போல இருந்தது.

டிலாவுக்குத் திட்ட வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் வீட்டுக்குத் திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தாள். அந்தத் தெருவில் பதினான்கு வீடு. முப்பது வயதுக்குள் இருக்கும் ஆள் மூன்றே பேர். அதில் ஒருவன் விசாவுக்குக் காத்திருக்கிறான். விலையைப் பற்றி, லாரி வாடகையைப் பற்றி, ஹாம்பர்க்கில் யாரோடு எப்படிப் பேசுவது என்பதைப் பற்றி மூன்று வருடமாகக் கணக்குப் போட்டவள், குனிவதற்கு ஆள் இருக்கிறதா என்று ஒரு நாளும் கேட்டதில்லை.

செய்தி எப்படித்தான் பரவியதோ, மூன்றாம் நாள் ஷ்கோதரிலிருந்து லுவானே காரில் வந்து இறங்கினார். டிலா தன்னை விட்டுப் போனதை அவர் மறக்கவில்லை. ஆனாலும் வியாபாரத்தில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. கிடங்கைச் சுற்றிப் பார்த்தார், இயந்திரத்தைத் தட்டிப் பார்த்தார், நல்லது வாங்கியிருக்கிறாய் என்று மெச்சினார். பிறகு உட்கார்ந்து, அந்தப் பதினோரு டன்னையும் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

"கிலோவுக்கு ஒன்னேகால் யூரோ. ரொக்கம். டூரெஸ் துறைமுகத்துல இறங்குனதும் என் லாரி வந்து ஏத்திக்கும். நீ எதையும் கேக்காதே, நானும் எதையும் சொல்லல."

டிலா கேட்டாள். அவரும் மறைக்கவில்லை. அவரிடம் சுத்தமான சரக்கு ஐம்பது டன் இருந்தது. அதில் இதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தால் அளவு இறங்கிவிடும், எந்தக் கூடத்திலும் அகப்படாது.

"அகப்பட்டா?"

"அகப்பட்டா எம்பேருதானே கெடும். உனக்கென்ன?"

"பொதி மேல உங்க பேரா எழுதியிருக்கு? அல்பேனியான்னுல்ல எழுதியிருக்கு."

லுவான் சிரித்தார். "மூணு வருஷத்துல நாட்டுக்கே வக்கீலாயிட்டே. தழை குடுத்த வீட்டுக்காரங்க பணத்துக்கு வாசல்ல வந்து நிப்பாங்கல்ல, அன்னைக்கு இந்த வாதத்தை அவங்ககிட்ட சொல்லு."

அந்த வார்த்தை தைத்தது. ஒன்றேகால் யூரோ கிடைத்தால் இருபத்தேழு வீட்டுக்கும் மீதியைக் கொடுத்துவிடலாம். யார் களை, யார் தப்பு என்ற பேச்சே எழாது. பஷ்கோ தலை நிமிர்ந்து நடக்கலாம். ஒரு நாள் அவகாசம் கேட்டாள். அந்த ஒரு நாளும் அறிக்கையின் ஒரு வரி அவளை விடவில்லை: தாய்ப்பால் கொடுப்பவர்களும் குழந்தைகளும் இந்தத் தழையின் தேநீரைக் குடிக்கக்கூடாது. பால் மறக்கடிக்கும்போது பெண்கள் சேஜ் தேநீர் குடிப்பது இங்கேயும் உண்டு. அவளே குடித்திருக்கிறாள். மறுநாள் லுவானைக் கூப்பிட்டு வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அவர் ஏன் என்று கேட்கவில்லை. மனசு மாறினால் கூப்பிடு என்று மட்டும் சொன்னார்.

வேண்டாம் என்று சொல்லிவிட்டாள், சரி. பதினோரு டன்னை என்ன செய்வது? லெஷா பக்கம் தோனின் என்று ஒருவர் செடிகளை ஆவியில் வடித்து வாசனை எண்ணெய் எடுப்பது நினைவுக்கு வந்தது. போய்ப் பார்த்தாள். தோனின் அறிக்கையை மூக்குக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரி விடாமல் படித்தார். இந்த நஞ்சு ஆவியோடு ஏறாது, கொப்பரை அடியிலேயே தங்கிவிடும் என்றார். அவர் சொன்னதை மட்டும் நம்பி டிலா இறங்கவில்லை. மாதிரிப் பையில் இருந்த தழையை வடித்து, எண்ணெயைப் பரிசோதனைக்கு அனுப்பி, பதில் வரும்வரை காத்திருக்க ஹாம்பர்க்கில் தவணை வாங்கினாள். எண்ணெய் சுத்தம் என்று பதில் வந்த பிறகுதான் கன்டெய்னர் திரும்பக் கப்பல் ஏறியது. வடித்து முடித்தபோது நூற்றைம்பது கிலோவுக்குச் சற்று மேல் எண்ணெய் கிடைத்தது. கப்பல் கூலியும் தோனின் கூலியும் போக, தழையின் விலையில் கால் பங்குகூடத் தேறவில்லை.

ஃப்ரான் அந்த இலையுதிர் காலத்தோடு இத்தாலியை விட்டு வந்துவிடுவதாக இருந்தான். பிரேஷாவில் அறையைக் காலி செய்வதாகச் சொல்லிக்கூட வைத்திருந்தான். டிலா கைபேசியில் அவனிடம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள்; அண்ணனுடைய மூட்டையையும், லுவானின் ஒன்றேகால் யூரோவையும் மறைக்கவில்லை. அவன் எங்கேயோ லாரியை ஓரங்கட்டியிருந்தான். பின்னால் வண்டிகள் போகும் சத்தம் கேட்டது.

"மீதிக் கடனை அடைக்க எத்தனை வருஷம் ஆகும்?" என்றான்.

"ரெண்டு."

"அண்ணனை ஊருக்கு முன்னால எதுவும் சொல்லிடாதே."

"சொல்ல மாட்டேன்."

"சரி," என்றான். பிறகு, "அறை இன்னும் எம்பேர்லதான் இருக்கு," என்றான்.

அவன் சண்டை போட்டிருந்தால் அவள் தாங்கியிருப்பாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எல்லா வீட்டுக்காரர்களையும் முற்றத்துக்கு வரச் சொன்னாள். நடந்ததைச் சொன்னாள். மீதிப் பணத்தை ஃப்ரானின் சம்பளத்திலிருந்து இரண்டு வருடத்தில் கொடுப்பதாகச் சொன்னாள். அடுத்த மே மாதம் பெண்கள் ஆறு பேரைக் கூலிக்கு அமர்த்தி எல்லார் காட்டிலும் களை எடுப்பதாகவும், கூலி தன்னுடையது என்றும், மெஷின் போட்டு அறுத்ததை வாங்கப் போவதில்லை என்றும் சொன்னாள். யாருடைய மூட்டை என்று பின்னால் இருந்து ஒருவன் கேட்டான். அது நம் எல்லாருடைய கன்டெய்னர் என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பஷ்கோ எழுந்தார்.

"என்னோடது," என்றார். "வேற யாரையும் பாக்காதீங்க."

தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். திட்டத் தயாராக வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வந்தவர்களில் மூன்றுக்கு ஒரு வீடு அடுத்த வருடம் அதே மெஷினைத்தான் வாடகைக்கு எடுக்க நினைத்திருந்தது. முன்வரிசையில் இருந்த ஒருத்தி, "உக்காருங்க மாமா, இங்க யாரும் போலீஸ் இல்ல," என்றாள். சிலர் சிரித்தார்கள். அவர் உட்கார்ந்தார்.

அதற்காக எல்லாரும் இருந்துவிடவில்லை. ஒன்பது வீடு லுவானிடம் போயிற்று. அவர் எடை போட்ட அன்றே முழுப் பணமும் கொடுத்தார். டிலா அவர்களைத் தடுக்கவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் தானும் போயிருப்பாள் என்று அவளுக்குத் தெரியும்.

ஹாம்பர்க் கம்பெனிக்காரி குளிர்காலம் முழுக்க ஒன்றும் எழுதவில்லை. டிலா மட்டும் எழுதினாள்: களை எப்படி வந்தது, எந்தக் காடு, என்ன செய்யப்போகிறோம், எண்ணெயாக வடித்ததற்கான ரசீது. மார்ச் மாதம் பதில் வந்தது. இரண்டே டன் வாங்குவார்கள், அதுவும் அங்கே பரிசோதித்த பிறகுதான் பணம். பதினோரு டன் போட்டவளுக்கு அது பிச்சை மாதிரித்தான். அவள் உடனே சம்மதித்தாள்.

மே மாதம் ஆறு பெண்களோடு டிலாவும் காட்டில் இறங்கினாள். பஷ்கோவின் ஐந்து ஏக்கருக்கு நான்கு நாள் பிடித்தது. மிரிகா வரப்பில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, பிடுங்கிய களையைச் சாக்கில் அமுக்கிக் கொடுத்தாள். பஷ்கோ எல்லாருக்கும் முன்னால் வந்து எல்லாருக்கும் கடைசியில் போனார். பேச்சு அதிகம் இல்லை. கடைசி நாள் மட்டும் டிலாவிடம் வந்து, இரண்டு டன்னில் தன் தழை வேண்டாம், இந்த வருடம் மற்றவர்களுடையது போகட்டும் என்றார்.

அவள் ஒத்துக்கொள்ளவில்லை. பதினெட்டு வீட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் எடுக்கப்போவதாகவும், அவருடையதை முதலில் பரிசோதனைக்கு அனுப்பப்போவதாகவும் சொன்னாள்.

"அதுல மறுபடி ஏதாவது இருந்தா?"

"இருந்தா சொல்றேன் அத்தான். நீங்களும் முடியலைன்னா சொல்லுங்க."

அவர் குனிந்து, அவள் விட்டுவிட்டுப் போன ஒரு களையைப் பிடுங்கினார். வேரில் ஒட்டியிருந்த மண்ணைக் காலில் தட்டி உதறிவிட்டு, மிரிகாவின் சாக்கை நோக்கி நடந்தார்.