குழாய்க்கு மேலே மூன்று கடை

சார்பதிவாளர் அலுவலக வாசலில் வைத்துத்தான் சடையப்பன் தன் தங்கை குணசுந்தரியிடம் அந்தப் பொய்யைச் சொன்னார்.

"பட்டாவ என் பேருக்கு மாத்தறதுக்கு ஒரு கையெழுத்து, அவ்ளோதாம்மா. ஜல்தியா போட்டுட்டு ஆரணி பஸ்ஸ புடி."

அவள் படிக்காமல் போட்டாள். கலசப்பாக்கத்தில் அப்பா விட்டுப்போன இரண்டரை ஏக்கரில் தன் பாதியை அண்ணனுக்கே விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் அது என்று எட்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அந்த நிலத்தின் குறுக்கே எரிவாயுக் குழாய் புதைக்கப் போகிறார்கள், நஷ்டஈடு வரப்போகிறது என்பது அண்ணனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பணம் வந்ததும் தங்கைக்கு ஒரு புடவை கொடுத்தனுப்பினார். ஆரணி பட்டுக்கடையில் பதினாறு வருஷமாகப் புடவை மடித்து பில் போடுகிறவளுக்கு ஒரு பாலியஸ்டர் புடவை.

அவள் நேரில் போய்க் கேட்டாள்.

"கையெழுத்து போட்டவ நீதானே? கோர்ட்டுக்குப் போ" என்றார் அண்ணன். அவர் மகள் சரண்யா கதவோரம் தலைகுனிந்து நின்றாள். ப்ளஸ் டூ முடிக்கும்வரை இரண்டு வருஷம் ஆரணியில் அத்தை வீட்டில் தங்கிப் படித்த பெண்.

வழக்குப் போட்டால் பத்து வருஷம் ஆகும் என்றார் வக்கீல். விட்டுவிடு என்றார், செய்யாருக்கு கம்பெனி பஸ் ஓட்டும் அவள் கணவர் ஜீவானந்தம். அவளால் விட முடியவில்லை. சாப்பிடும்போதும் புடவை மடிக்கும்போதும் அண்ணன் சொன்ன அந்த வார்த்தை காதில் கேட்டது.

கடை முதலாளியின் மருமகள் தேவிப்ரியா போனில் பங்கு வாங்குகிறவள். ஒருநாள் மதியம் அவள் திரையைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தபோது குணசுந்தரி ஒரு சின்னத்தைப் பார்த்தாள். குழாய் போகும் தடத்தைக் காட்ட அப்பாவின் நிலத்தில் கம்பெனிக்காரர்கள் நட்டு வைத்திருக்கும் மஞ்சள் கம்பங்களில் இருந்த அதே சின்னம்.

"இது இன்னா கம்பெனிங்க?"

"கேஸ் குழாய் கம்பெனிக்கா. வெலை பெருசா ஏறாது. ஆனா வருஷத்துக்கு ரெண்டு தபா டிவிடெண்ட் வரும், லாபத்துல பங்கு மாதிரி. அதுக்குன்னே வெச்சிகினு இருக்கேன்."

"நான் வாங்கலாமா?"

கொரோனா சமயம். விலை விழுந்து கிடந்தது. மகளிர் குழு சேமிப்பையும் தபால் ஆபீஸ் ஆர்.டி.யையும் எடுத்து ஆயிரத்து நூறு பங்கு வாங்கினாள். முதல் டிவிடெண்டாக மூவாயிரத்து முந்நூறு ரூபாய் வங்கிக்கு வந்த அன்று, அந்தக் குறுஞ்செய்தியைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அண்ணனுக்கு அனுப்பினாள். கூடவே குரல் பதிவும்.

"அப்பா நெலத்துக்கு அடியில போற கேஸுல எனுக்கும் பங்கு வந்துகினு கீது அண்ணா. உனுக்கு ஒரே தபா குடுத்தான். எனுக்கு வருஷா வருஷம் குடுப்பான்."

அண்ணன் பார்த்துவிட்டதற்கு அடையாளமாக இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.

அதற்குப் பிறகு ஒவ்வொரு டிவிடெண்டுக்கும் அனுப்பினாள். வந்த பணத்தில் மேலும் பங்கு வாங்கினாள். ஒரு வருஷம் கம்பெனி டிவிடெண்டைக் குறைத்தது, விலையும் இறங்கியது. தேவிப்ரியா பயந்து விற்றுவிட்டாள். "உங்களுக்கு இன்னாக்கா அப்டி ஒரு புடிமானம்?" என்று கேட்டாள். குணசுந்தரி மடித்த புடவையை அடுக்கில் வைத்தாள்.

போன தை மாதத் தொடக்கத்தில் சரண்யா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஒரு படம் போட்டாள். நிலத்தின் ரோட்டோரம் அஸ்திவாரம் தோண்டியிருந்தது. 'அப்பா கட்டும் மூணு கடை' என்று எழுதியிருந்தாள். படத்தின் மூலையில் இருந்த மஞ்சள் கம்பத்தைக் குணசுந்தரி கவனித்தாள்.

கம்பெனி அனுப்பும் ஆண்டறிக்கையைத் தேவிப்ரியா அவளுக்குப் படித்துச் சொல்லியிருந்தாள். குழாய் போகும் பட்டையில் உழலாம், பயிர் வைக்கலாம். கட்டடம் கட்டக்கூடாது, பள்ளம் தோண்டக்கூடாது. யாராவது மீறுவதைப் பார்த்தவர்கள் அழைக்க ஓர் இலவச எண்ணும் இருந்தது.

அவள் போனை எடுத்தாள். பிறகு கீழே வைத்தாள். அஸ்திவாரத்தோடு நின்றுபோனால் அண்ணனுக்கு இருபதாயிரமோ முப்பதாயிரமோ நஷ்டம். அது போதாது என்று தோன்றியது.

காத்திருந்தாள். சுவர் எழும்பியது. நிலையை வைத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருந்த சரண்யா, ஏழு மாத வயிற்றோடு சிமெண்ட் மூட்டைகளுக்கு நடுவே நின்று சிரித்தாள். பின்பக்கம் கழிவுநீர்த் தொட்டிக்கு ஜேசிபி பள்ளம் தோண்டியது. வங்கியில் பன்னிரண்டு லட்சம் கடன் என்று ஊர்க்காரர் ஒருவர் சொன்னார். தளம் போட்ட மறுநாள் காலை, அஸ்திவாரப் படத்தைப் பார்த்த நாற்பத்தோராவது நாள், குணசுந்தரி கடைக்குக் கிளம்புமுன் அந்த எண்ணுக்குப் போன் செய்தாள்.

கம்பெனி ஆட்கள் அன்றைக்கே வந்து வேலையை நிறுத்தினார்கள். நோட்டீஸ் ஒட்டி, கெடு முடிந்ததும் தாசில்தாரோடும் போலீஸோடும் இடிக்க வந்தார்கள். குணசுந்தரி லீவு போட்டுவிட்டு பஸ் ஏறிப் போனாள். ஒளியவில்லை. எதிர்ச்சாரியில் அண்ணன் கண்ணில் படும்படி நின்றாள். முதல் சுவர் விழுந்தபோது சடையப்பன் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஐந்து வருஷமாக அவள் நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்த ஏதோ ஒன்று இளகியது. சந்தோஷம்தான் அது. அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

தொட்டிக்குத் தோண்டிய பள்ளத்தில் இறங்கிய கம்பெனி இன்ஜினியர் அவசரமாக மேலே ஏறி வந்தார்.

"ஜேசிபி பல்லு குழாய் மேலயே பட்டிருக்கு. ஒரு முழத்துக்குக் கீறல். இன்னும் ஒரு இழுப்பு இழுத்திருந்தா இங்க ஒருத்தரும் மிஞ்சியிருக்க மாட்டீங்க."

கூட்டம் பின்வாங்கியது. இன்ஜினியர் புகார் வந்த எண்ணுக்கு அழைத்தார்; குணசுந்தரியின் கையிலிருந்த போன் ஒலித்தது.

"போன் பண்ணது நீங்கதானேம்மா?" இன்ஜினியர் அவளிடம் வந்தார். "எப்போ பார்த்தீங்க?"

"போன் பண்ண அன்னிக்குத்தான் சார்."

"பெரிய புண்ணியம்மா. உசுரக் காப்பாத்தியிருக்கீங்க" என்று கைகூப்பினார்.

சரண்யா அருகில்தான் நின்றிருந்தாள். அவர் நகர்ந்ததும் மெதுவாகக் கேட்டாள்.

"அத்தே, நான் போட்ட ஸ்டேட்டஸ் எல்லாத்தையும் மொத நாள்ல இருந்து நீ பாத்துகினுதான இருந்த? பாத்தவங்க லிஸ்ட்டுல உன் பேரு வந்துகினே இருந்துச்சே. நீ பாக்கறியேன்னுதான் தெனமும் போட்டேன்."

குணசுந்தரி கையிலிருந்த போனை முந்தானைக்குள் மறைத்தாள்.

"அப்பா உனுக்குப் பண்ணது தப்புதான். நான் இன்னா பண்ணேன்?"

மாசிக் கடைசியில் சடையப்பன் ஆரணிக்கு வந்தார். கடைக்கு வெளியே நின்று, கடனை அடைக்க உதவினால் அவள் பாதியைத் திரும்ப எழுதிக் கொடுப்பதாகச் சொன்னார்.

"எனுக்கு அது தேவையில்ல. நீயே வெச்சிகினு வட்டி கட்டு" என்றாள். அவர் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். அவர்மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை.

பங்குனியில் சரண்யாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. குணசுந்தரி வெந்நீர் ஃபிளாஸ்க்கும் பழைய வேட்டித் துணியும் எடுத்துக்கொண்டு திருவண்ணாமலை ஆஸ்பத்திரிக்குப் போனாள். சரண்யா அவளை விரட்டவில்லை. "உக்காரு அத்தே" என்றாள். குழந்தையின் முகம் தெரியும்படி துணியை விலக்கிக் காட்டினாள். குணசுந்தரி இரண்டு கையையும் நீட்டினாள். சரண்யா துணியை மூடி, குழந்தையைச் சுவர்ப்பக்கமாக நகர்த்திப் படுக்க வைத்துவிட்டு, பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்டாள்.