கனடா நேரத்துக் குளிசை

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் மண்டையில் உதித்ததல்ல. ஈரலுக்குள்ளும் ஒரு மணிக்கூடு ஓடுகிறதாம். ஒரே மருந்து ஒரு நேரத்தில் ஈரலைக் குறைவாகவும் இன்னொரு நேரத்தில் கூடுதலாகவும் தாக்கலாமாம். தொலைபேசியில் வந்த ஒரு கட்டுரை. பாதிதான் விளங்கியது. பாதி விளங்கினால் கதை எழுதலாம்; முழுதும் விளங்கினால் பாடந்தான் எடுக்கலாம். நான் பாடம் எடுத்துக் களைத்து ஓய்வுபெற்றவன்.

முதல் தொடக்கம்: இரணைமடுக் குளத்தின் மேல் ஆதவன் தன் பொற்கதிர்களை...

(வேண்டாம். பொற்கதிர் விழும் கதைகளில் எவருக்கும் ஈரல் இருப்பதில்லை.)

2.

இரண்டாம் தொடக்கம். மயில்வாகனம், அறுபத்தெட்டு வயது, இரணைமடுத் தண்ணீரில் வயல் செய்பவர், என் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி. சிக்குன்குனியாக் காய்ச்சல் விட்டது. மூட்டு நோ விடவில்லை. கிளினிக்கில் பரசிற்றமோல் கொடுத்தார்கள். காலை எட்டு, மதியம் இரண்டு, இரவு எட்டு. தரத்துக்கு இரண்டு குளிசை.

அவர் வீட்டுச் சுவரில் இரண்டு மணிக்கூடுகள். ஒன்றில் எங்கள் நேரம். மற்றதில் மகன் பிரதாபனின் கனடா நேரம். அவன் வேலையால் வந்திருப்பானா என்று பார்த்து அழைப்பதற்கு. (எங்கள் பக்கம் இது புதினமில்லை. ஒரு வீட்டில் மூன்று தொங்குகிறது, சாமிப்படம் அலுமாரிக்குள் போய்விட்டது.)

அதே கட்டுரை பிரதாபனுக்கும் போயிருக்கிறது. உடனே குரல்பதிவு: "அப்பா, நேரம் மாறினா குளிசை ஈரலுக்கு நஞ்சாம். காலமை எட்டு, ரெண்டு, இரவு எட்டு. தவறவிடாதேங்கோ."

3.

கதைக்குப் பாத்திரம் தேடி நான் கொப்பியோடு அவர் வீட்டுக்குப் போனது பின்னேரம் ஐந்தரைக்கு. மயில்வாகனம் கதிரையில் இருந்தபடி இரண்டு குளிசையை விழுங்கினார்.

"இப்ப என்ன குளிசை அண்ணை?"

"அங்க காலமை எட்டு, மாஸ்ரர். மகன் சொன்ன நேரம்."

"அப்ப டொக்டர் சொன்ன நேரம்?"

"அதையும் விடேல்லை. வாய்க்கால்ல எல்லாற்ற முறைக்கும் தண்ணி விடவேணும். ஆரையும் நோகப்பண்ணக் கூடாது."

இங்கத்தைய எட்டு, அங்கத்தைய எட்டு, இங்கத்தைய இரண்டு, அங்கத்தைய இரண்டு, பிறகு இரண்டு இடத்து இரவு எட்டும். நாளுக்கு ஆறு தரம், பன்னிரண்டு குளிசை. கிளினிக் குளிசை தீர்ந்து, கடையில் வாங்கி, இரண்டு கிழமையாக.

நான் என்ன செய்தேன் தெரியுமா? கொப்பியில் 'அருமை!' என்று எழுதினேன்.

அவர் மனைவி அருந்ததி விளக்கைப் போட்டா. அப்போதுதான் கண்டேன். மயில்வாகனத்தின் கண்கள் மஞ்சளாக, பழுத்த...

(உவமை தேடினேன். ஒரு மனிதனுக்கு என் முன்னால் நஞ்சேறிக்கொண்டிருந்தபோது உவமை தேடினேன். வெட்கமாக இருக்கிறது.)

அடிக்குறிப்பு: ஈரலின் மணிக்கூட்டை ஆய்வாளர்கள் ஆராயட்டும். பன்னிரண்டு குளிசை எந்த மணிக்கூட்டுக்கும் அதிகம்.

4.

முடிவுகள்.

அ) மகன் விமானம் ஏறி வருகிறான். கட்டிப்பிடித்து அழுகிறார்கள். (படமாக எடுத்தால் ஓடும்.)

ஆ) பொதுநோக்கு மண்டபத்தில் 'ஈரலும் நேரமும்' கருத்தரங்கு. தொடங்க இரண்டு மணித்தியாலம் பிந்துகிறது. எனக்குப் பொன்னாடை. (மனம் இதைத்தான் கேட்கிறது.)

இ) நடந்தது. குளிசை மட்டையைப் பறித்தேன், ஓட்டோ பிடித்தேன். ஆஸ்பத்திரியில் இரத்தம் எடுத்தார்கள், சேலைன் ஏற்றினார்கள். "ஈரல் பழுதாகியிருக்கு. இனித்தான் பாத்துச் சொல்லலாம்" என்றார்கள். வாசலில் அருந்ததி என் கையைப் பிடித்தா.

"பிள்ளையிட்டச் சொல்லிப்போடாதேங்கோ, மாஸ்ரர். தன்னாலதான் எண்டு உடைஞ்சுபோகும்."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். இன்று மூன்றாம் நாள். மயில்வாகனம் இன்னும் கட்டிலில். பிழைப்பாரா என்று எனக்குத் தெரியாது. தெரியாததை நான் எழுதப்போவதில்லை.

சத்தியத்தையும் மீறவில்லை. யாரிடமும் சொல்லவில்லை, கதைதான் எழுதியிருக்கிறேன். பெயர்களை மாற்றிவிட்டேன். ஆகவே வாசிக்கிற உங்களுக்குப் பிரதாபன் என்று பெயர் இராது. இருந்தாலும் இதை வைத்துவிட்டு வீட்டுக்கு ஒருக்கால் கோல் எடுங்கள். அப்பா "சுகமாயிருக்கிறன்" என்பார். நம்பாதீர்கள். வீடியோவைப் போட்டு, கண்ணைக் காட்டச் சொல்லுங்கள்.