ஹமாகுரோனின் வால்

ஓகிமுரா முதல்முதலில் பார்த்தது என் முகத்தை அல்ல. என் கையிலிருந்த ஹமாகுரோனின் பின்புறத்தை.

அது ஒரு புதன்கிழமை. எங்கள் வெந்நீர்க் குளியலகத்துக்கு வாரத்தில் அன்று ஒருநாள்தான் விடுமுறை. ஷிமோஜியின் பழைய பொம்மைக் கடைக்கு, பொம்மையைத் துண்டில் சுற்றி எடுத்துப் போயிருந்தேன். துண்டைப் பிரித்ததும் அலமாரிப் பக்கம் நின்றிருந்த ஒல்லியான மனிதர் பாய்ந்து வந்தார்.

"மன்னிக்கணும். கொஞ்சம் திருப்பிக் காட்டுவீங்களா? முன்பக்கம் வேண்டாம், பின்பக்கம்."

திருப்பினேன். வால் இருக்க வேண்டிய இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு லென்ஸை எடுத்து, ஓட்டைக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு மூக்கை வைத்து மோந்தார். பழைய பொம்மை சேர்க்கிற நாங்கள் எல்லோரும் செய்வதுதான். பழைய வினைலுக்கு ஒரு வாசனை உண்டு, பழைய மெழுகுவர்த்தியும் மிட்டாயும் கலந்தது போல. புதிதாக வார்த்து ஏமாற்றுகிறவர்களால் நிறத்தைக் கொண்டுவர முடியும், அந்த வாசனையைக் கொண்டுவர முடியாது.

"முதல் வார்ப்பு. பச்சை வினைல்" என்றார், கோயிலில் பேசுகிற குரலில்.

"அது எனக்கே தெரியும்" என்றேன்.

"இதோட வால்..." என்று இழுத்தபடி, கைக்குட்டையிலிருந்து ஒரு பச்சை வாலை எடுத்து மேசையில் வைத்தார். உடம்பும் வாலும் ஒரே பச்சை. கடைக்காரர் ஷிமோஜி நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். அவர் வழக்கமாகத் தீ பிடித்தால்தான் எழுவார்.

ஹமாகுரோனை இப்போது யாருக்கும் நினைவிருக்காது. கிளிஞ்சல் தலையும் விலாங்கு வாலுமாக, டிவி தொடரில் ஒரே ஒரு வாரம் வந்து, ஒரு பாலத்தைத் தின்றுவிட்டு, செத்துப் போன அரக்கன். பொம்மையைச் செய்த தொழிற்சாலையும் சீக்கிரமே மூடிவிட்டது. வால் தனியாகச் செருகுகிற உறுப்பு. பிள்ளைகள் வாலைப் பிடித்துச் சுழற்றுவார்கள். உடம்பு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் பறக்கும். அதனால் வாலோடு இருக்கும் ஹமாகுரோனை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

என்னுடையது எங்கள் குளியலகத்தின் 'மறந்துவிட்டுப் போனவை' பெட்டியில் கிடந்தது. முப்பது வருடமாக யாரும் கேட்டு வரவில்லை. கேட்டு வந்தால் இல்லை என்று சொல்லிவிடுவது என நான் தீர்மானித்தே பத்து வருடமாகிறது.

"தனி உடம்பு ஒரு லட்சம் யென்" என்றார் ஷிமோஜி. "தனி வால், அது யாருக்கு வேணும்? ஐயாயிரம். ஆனா ரெண்டும் சேர்ந்தா வாயால சொல்ல எனக்கே பயமா இருக்கு."

"செருகிப் பார்க்கலாமா?" என்று கேட்டேன்.

"என் கடையிலயா? முப்பது வருஷத்து வினைல்மா. குளிர்ல அப்பளம் மாதிரி உடையும். விக்கிறதுன்னு முடிவான பிறகு, வாங்கறவர் முன்னாடி, வெந்நீர்ல போட்டு, அவர் பொறுப்புல செருகணும். அதுவரைக்கும் கண்ணால பார்த்து சந்தோஷப்பட்டுக்கோங்க."

பேரம் அன்றே தொடங்கியது.

"வாலை எனக்குக் கொடுத்துடுங்க" என்றேன்.

"உடம்பை எனக்குக் கொடுக்கலாமே" என்றார் ஓகிமுரா.

"வால்தான் உடம்புகிட்ட வரணும். எங்கேயாவது உடம்பு வாலைத் தேடிப் போகுமா?"

"யோசிச்சு அடுத்த புதன்கிழமை சொல்றேன்."

அடுத்த புதனும் அதையே சொன்னார். அதற்கடுத்த புதன் பேரத்துக்கு நடுவே இருவரும் சோபா நூடுல்ஸ் சாப்பிடப் போனோம். அவர் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவர் என்று தெரிந்தது. நாற்பத்திரண்டு வயது, கல்யாணமாகவில்லை, மூன்று அண்ணன் தம்பிகளில் கடைசி. என் மூக்குக் கண்ணாடியின் காது வளைவை நிமிர்த்திக் கொடுத்தார். பத்து வருடமாக ஒரு காது வலித்துக்கொண்டிருந்தது எனக்கு அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

எட்டு மாதம் இப்படி ஓடியது. புதன்கிழமைகளில் நான் உதட்டுச்சாயம் பூசுவதை அம்மா கவனித்துவிட்டாள்.

"ஏண்டி, பொம்மைக்கு வால் வாங்கப் போறியா, இல்ல வேற எதுக்காவதா?"

"வாலுக்குத்தாம்மா."

"வாலுக்கு எதுக்குடி வாசனை சோப்பு?"

அம்மாவுக்கு எழுபது வயது. வாசலில் உயரமான கல்லாமேடையில் உட்கார்ந்து ஒரு பக்கம் ஆண்களிடமும் மறு பக்கம் பெண்களிடமும் காசு வாங்குகிறவள். ஊரில் யாருடைய முதுகில் எத்தனை மச்சம் என்று அவளுக்குத் தெரியும். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

ஆனால் எனக்குள் இருந்த பயம் அவளுக்கும் இருந்தது. நான் ஒரே பெண். குளியலகத்தை விட்டு நான் எங்கும் போக முடியாது. என்னைக் கட்டிக்கொள்கிறவர் வீட்டோடு மாப்பிள்ளையாக வந்து, தன் குடும்பப் பெயரை விட்டு, எங்கள் பெயரான குஸுமியை வைத்துக்கொள்ள வேண்டும். விடிகாலையில் கொதிகலன், ராத்திரி கடை மூடிய பிறகு தரை தேய்ப்பு. இதுவரை மூன்று பேர் பெண் பார்க்க வந்து, 'குஸுமி' என்ற சொல் காதில் விழுந்ததும் தேநீரைக்கூட முடிக்காமல் எழுந்து போனார்கள். ஓகிமுராவும் அப்படி எழுந்து போய்விட்டால்? அதனால்தான் நான் வாலைப் பற்றி மட்டும் பேசிக்கொண்டிருந்தேன். 'வால்தான் வரணும்' என்று நான் சொன்னதெல்லாம் வாலைப் பற்றி மட்டும் அல்ல. அவருக்கு அது புரிந்ததா என்று தெரியவில்லை.

அப்போதுதான் நகோயாவிலிருந்து நிவா என்றொருவர் வந்து சேர்ந்தார். மூன்று மாடி வீட்டில் இரண்டு மாடி அரக்கர்களுக்காம். உடம்பும் வாலும் சேர்த்து எட்டு லட்சம் யென் தருவதாகச் சொன்னார். தரகு கிடைக்கும் சந்தோஷத்தில் ஷிமோஜிக்கு வியர்த்துவிட்டது.

"என்ன சொல்றீங்க, குஸுமி சான்?" என்று, 'சான்' போட்டு மரியாதையாக என்னைக் கேட்டார்.

எனக்கு விற்க மனமில்லை. விற்றுவிட்டால் அப்புறம் எந்த முகத்தோடு புதன்கிழமை இங்கே வருவது? ஆனால் ஓகிமுராவுக்குப் பணம் தேவையாக இருந்து, நான் குறுக்கே நின்றால் நன்றாக இருக்குமா?

"ஓகிமுரா சானுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்" என்றேன்.

ஓகிமுரா என்னைப் பார்த்தார்.

"குஸுமி சானுக்குச் சம்மதம்னா எனக்கும் சம்மதம்."

"அப்போ ரெண்டு பேருக்கும் சம்மதம்!" என்று ஷிமோஜி கைதட்டினார்.

இப்படித்தான், யாருமே விற்க விரும்பாத ஒரு பொருளை இருவரும் மரியாதையாக விற்றோம்.

செருகும் சடங்குக்கு எங்கள் குளியலகமே பொருத்தம் என்றார் ஷிமோஜி, வெந்நீருக்குப் பஞ்சமில்லை என்பதால். விடுமுறை நாளில் கொதிகலன் மூட்டினால் விறகு வீண் என்று முனகுகிற அம்மா, எட்டு லட்சம் என்று கேட்டதும் தானே போய் மூட்டினாள். மேடையில் ஏறி உட்கார்ந்து, நிவா உள்ளே நுழைந்ததும் கையை நீட்டினாள்.

"நுழைவுக் கட்டணம்."

"நான் குளிக்க வரலைங்க."

"குளிக்காம போறது உங்க இஷ்டம். கட்டணம் கட்டணம்தான்."

பெண்கள் பகுதியில், காலியான பெரிய தொட்டியின் ஓரம் நாங்கள் குந்தி உட்கார்ந்தோம். மஞ்சள் பிளாஸ்டிக் வாளியில் வெந்நீர். அதில் ஹமாகுரோன் பின்புறத்தை மட்டும் நனைத்துக்கொண்டு, சளி பிடித்த ஆள் மாதிரி உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் வால் மிதந்தது.

ஓகிமுராவின் முகம் சுண்ணாம்பாக இருந்தது.

"இன்னைக்கு வேண்டாமே. வெளியில ஈரப்பதம் ஜாஸ்தி" என்றார்.

"குளியலகத்துல ஈரப்பதம் இல்லாம என்ன இருக்கும்?" என்றார் நிவா.

"கிழிஞ்சுட்டா பாவம். முப்பது வருஷம் முழுசா இருந்துச்சு..."

"என் பொறுப்பு. செருகுங்க."

ஓகிமுராவுக்கு விற்க மனம் வரவில்லை என்று எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. ஆனால் ஒப்புக்கொண்ட பிறகு என்ன செய்வது? நான் உடம்பை எடுத்தேன். வெதுவெதுவென்று, குழந்தையின் கன்னம் மாதிரி மெத்தென்றிருந்தது. வாலின் முனையை ஓட்டையில் வைத்து மெல்ல அழுத்தினேன்.

போகவில்லை.

திருப்பி வைத்தேன். சோப்பு தடவினேன். ஷிமோஜி முயன்றார். நிவா கோட்டைக் கழற்றிவிட்டு முயன்றார். வால் வழுக்கித் தெறித்து, பெரிய தொட்டியைத் தாண்டிப் போய், சுவரில் வரைந்திருந்த ஃபூஜி மலையின் அடிவாரத்தில் மோதி விழுந்தது.

நிவா லென்ஸை வாங்கி உற்றுப் பார்த்தார். கழுத்து மெல்லச் சிவந்தது.

"ஓட்டை முட்டை வடிவம். வால் வட்டம். இது வேற எதோ அரக்கனோட வால்! ஷிமோஜி சான், நகோயாலேர்ந்து என்னை வரவழைச்சு..."

"ஒரே தொழிற்சாலை, ஒரே பச்சை" என்று ஷிமோஜி தடுமாறினார். "கண்ணுக்கு அப்படியே அண்ணன் தம்பி மாதிரிதான் இருந்துச்சு..."

நிவா ஈரச் சட்டையோடு வெளியேறினார். கட்டணத்தைத் திருப்பிக் கேட்டார். அம்மாவுக்குத் திடீரென்று காது கேட்காமல் போய்விட்டது. ஷிமோஜி பின்னாலேயே மன்னிப்புக் கேட்டுக்கொண்டு ஓடினார்.

ஓகிமுரா மட்டும் அதே இடத்தில் மண்டியிட்டிருந்தார். ஆச்சரியப்படவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"உங்களுக்கு இது தெரியும்."

அவர் தலை குனிந்தார்.

"எப்போலேர்ந்து?"

"முதல் நாள். லென்ஸ் வெச்சுப் பார்த்தப்பவே."

"எட்டு மாசம்! எட்டு மாசமா எங்கிட்ட ஒரு தப்பான வாலுக்குப் பேரம் பேசினீங்களா?"

"நான் எங்க பேரம் பேசினேன்? ஒருநாளாவது விலை சொல்லியிருக்கேனா? யோசிச்சு அடுத்த புதன்கிழமை சொல்றேன்னுதானே சொன்னேன்."

யோசித்துப் பார்த்தேன். உண்மைதான். ஒரு விலைகூடச் சொல்லவில்லை.

"வால் வேறன்னு சொல்லியிருந்தா," என்றார் அவர் வாளியைப் பார்த்தபடி, "நீங்க அடுத்த புதன்கிழமை வந்திருப்பீங்களா?"

எனக்குக் கோபப்பட வேண்டும் போலவும் அழ வேண்டும் போலவும் இருந்தது. இதற்கு மேல் வாலின் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது. அந்த வால் ஃபூஜி மலையடியில் கிடக்கிறது. எழுந்து போவாரானால் இப்போதே போகட்டும் என்று அவர் பக்கம் திரும்பினேன்.

"ஓகிமுரா சான். நான் இங்கேர்ந்து எங்கேயும் வர முடியாது. எங்கூட இருக்கிறவர் இங்க வந்துதான் இருக்கணும். குஸுமின்னு பேர் மாத்திக்கணும். விடியக்காலைல கொதிகலன். ராத்திரி தரை."

அவர் எழுந்தார்.

எழுந்து, ஈரத் தரையில் நடந்து, சுவரோரம் சாய்த்து வைத்திருந்த நீளப் பிரஷை எடுத்துத் தூக்கிப் பார்த்தார்.

"எங்க அப்பா ரெண்டு அண்ணன்கள் பேரையும் வரிசையா கூப்பிட்டுட்டுத்தான் என் பேருக்கு வருவார்" என்றார். "குடும்பப் பேர் மாறினதை அவர் கவனிக்கவே ரெண்டு வருஷம் ஆகும். இந்தத் தரையை நீளவாக்குல தேய்க்கணுமா, குறுக்குவாக்குலயா?"

என் மூக்குக் கண்ணாடியில் ஆவி படிந்திருந்ததால் அவர் முகமும் தெரியவில்லை. நல்லவேளை, என் கண்ணும் அவருக்குத் தெரிந்திருக்காது.

மேடையிலிருந்து அம்மா இறங்கி வரும் சத்தம் கேட்டது. அவள் இறங்குவது அபூர்வம். வந்து, ஓகிமுராவை ஒரு சுற்று சுற்றி வந்தாள். ஷிமோஜியிடமிருந்து கற்றுக்கொண்டாளோ என்னவோ, தாடையைத் தடவிக்கொண்டே பார்த்தாள்.

"எந்த வருஷத்து வார்ப்பு?"

"நாற்பத்திரண்டு வருஷப் பழசுங்க."

"பல்லெல்லாம் சொந்தமா?"

"ரெண்டு தவிர."

"முடி?"

"சொந்தம்தாங்க. இருக்கிற வரைக்கும்."

"வேற ஏதாவது பாகம் குறையுதா? இப்பவே சொல்லிடணும். அப்புறம் நகோயாக்காரன் மாதிரி நான் கத்துவேன்."

ஓகிமுரா பிரஷை மார்போடு அணைத்துக்கொண்டு, மிகவும் நேர்மையாக யோசித்தார்.

"குடல்வால் மட்டும் இல்லைங்க. சின்ன வயசுலயே எடுத்துட்டாங்க."

அம்மா என் பக்கம் திரும்பினாள். அவள் உதட்டோரம் துடித்தது.

"இதுவும் வாலில்லாததுதானாம். எடுத்துக்கிறியா?"

"எடுத்துக்கிறேம்மா" என்றேன்.

"நீளவாக்குல" என்றாள் அம்மா அவரிடம். "தண்ணி ஓடுற பக்கமா தேய்ங்க. மூலையை விட்டுடாதீங்க."