கையை இறக்கும்போது எட்டிப் பார்த்த எலும்பு

கோவிந்தராஜ் அந்தமானின் ஹேடோ துறைமுகத்தில் கிரேனுக்குக் கை காட்டுகிறவர். அவர் சுண்டுவிரலை அசைத்தால் கப்பலே குனிந்து சரக்கைக் கொடுக்கும் என்பது அவரே பரப்பிய செய்தி. அவர் வாயில் விழுந்த தூறல் புயலாகித்தான் வெளியே வரும்.

மகள் கார்த்திகாவின் இடது தோளைப் பற்றி அவர் சொன்னதில் மட்டும் பாதி உண்மை. கடல் மீன்களே வழிவிடும் நீச்சல்காரி அவள். இப்போது கையைத் தூக்கி இறக்கினால் முதுகில் தோள்பட்டை எலும்பு, சண்டைச் சத்தம் கேட்ட பக்கத்து வீட்டுக்காரி மாதிரி வெளியே எட்டிப் பார்த்தது. கூடவே வலி. மெயின்லேண்ட் போட்டிக்கு ஆள் எடுக்கும் செலக்ஷனோ அடுத்த மாதம்.

பிசியோதெரபிஸ்ட் சௌமியா மெல்லிய மஞ்சள் ரப்பர் பட்டை ஒன்றைக் கொடுத்தாள். "மெதுவா இழு, கார்த்திகா. கழுத்து இறுகக் கூடாது. தண்ணியில இப்போதைக்குக் கால் மட்டும்தான்."

வீட்டுக்கு வந்ததும் கோவிந்தராஜ் பட்டையை விரலில் சுற்றிப் பார்த்தார். "யே க்யா ஹை? இத வச்சு ஒரு கொசுவைக் கட்ட முடியுமா?"

துறைமுகத்தில் ஆடுகிற சரக்கை இறுக்கிக் கட்டுவார்கள். ஆடுகிற எலும்புக்கும் அதே வைத்தியம்தானே? லாரி ட்யூபை வெட்டிவந்து ஜன்னல் கம்பியில் மாட்டினார். கார்த்திகா பல்லைக் கடித்துக்கொண்டு தினமும் இழுத்தாள். அவர்கள் குடியிருந்த குட்வில் எஸ்டேட்டே கொஞ்சம் நகர்ந்திருக்கும்.

அடுத்த முறை சௌமியா தொட்டுப் பார்த்துத் திடுக்கிட்டாள். "கழுத்து ஏன் கல்லு மாதிரி இருக்கு? வீட்டுல என்ன பண்றீங்க?"

கார்த்திகா அப்பாவைப் பார்த்தாள். அப்பா மின்விசிறியைப் பார்த்தார்.

"லாரி ட்யூப், மேடம்," என்றாள் கார்த்திகா.

"அண்ணா! அது கட்டிப்போடுற எலும்பில்ல, கையோட சேர்ந்து வழுக்கணும். பாரம் கூடினா அதைப் பிடிக்கிற தசை ஒதுங்கிக்கும், கழுத்து வேலையைப் பிடுங்கிக்கும்." சௌமியா பெருமூச்சு விட்டாள். "செலக்ஷனுக்கு முந்தின நாள் பின்னால நின்னு பாருங்க. எலும்பு அடங்கியிருந்தா நீந்தட்டும். இல்லன்னா வேணாம்."

செலக்ஷனுக்கு முந்தின நாள் மாலையில் கார்த்திகா ஜன்னலைப் பார்த்து நின்றாள். அவள் முதுகை அவளால் பார்க்க முடியாது. அப்பாதான் சொல்ல வேண்டும்.

கைகள் ஏறின. எலும்பு சமர்த்தாக இருந்தது. கோவிந்தராஜ் மூச்சை விடவில்லை. தூக்கும்போது எந்தச் சரக்கும் நல்ல பிள்ளைதான். இறக்கும்போதுதான் குணத்தைக் காட்டும்.

கைகள் இறங்கின.

"எட்டிப் பாக்குதாப்பா?"

இல்லை என்று சொல்லிவிடலாம். அவர் அவிழ்த்துவிட்ட கதைகளில் இதுதான் எல்லாவற்றிலும் சின்னது.

"பாக்குது."

"எவ்ளோ? உங்க கணக்குல மலை உசரமா?"

"இல்லடி. அரை விரக்கடை."

அப்பா எதையும் இவ்வளவு சின்னதாகச் சொல்லி அவள் கேட்டதில்லை. அதனாலேயே நம்பினாள். பிறகு மூக்கை உறிஞ்சினாள்.

"எல்லாம் உங்க லாரி ட்யூப்."

"ஆமா பேட்டா."

"அந்த மஞ்சப் பட்டைய எடுங்க."

அதை ஜன்னல் கம்பியில் கட்டிக் கொடுத்துவிட்டுப் பின்னால் போய் நின்றார். "ஆராம் சே, மெதுவா," என்று கிரேனுக்குக் காட்டுவதுபோல் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல மெல்ல இறக்கினார். இருட்டிய ஜன்னல் கண்ணாடியில் அந்தக் கை தெரிந்தது. அதன் வேகத்துக்கே அவளும் இறக்கினாள்.