பள்ளத்தில் இருந்த புலி

சோளம் விதைக்க வெட்டிய காட்டுக்குத் தீ வைப்பது ஆம்பிளைகள் வேலை. அந்த வருடம் எர்மெலிண்டாவின் புருஷன் தெமெத்ரியோ மரத்திலிருந்து விழுந்து காலை ஒடித்துக்கொண்டு கயிற்றுத் தூளியில் கிடந்தான். வெட்டிப் போட்ட காடு சருகாகக் காய்ந்திருந்தது. மழை முந்திக்கொண்டால் எரிக்கவும் முடியாது, விதைக்கவும் முடியாது. அதனால் அவளே கிளம்பினாள். துணைக்கு நாத்தனார் பெனித்தா வந்தாள். கடற்கரை ஓட்டலில் வேலை செய்கிறவள், அண்ணனைப் பார்க்க லீவில் வந்திருந்தாள்.

வயல் விளிம்பில் சுரைக்குடுவையில் சோளக்கஞ்சியை வைத்துவிட்டு, எர்மெலிண்டா கண்ணுக்குத் தெரியாமல் காட்டைக் காக்கிறவர்களிடம் மெதுவாகப் பேசினாள். "உங்க எடத்தைக் கொஞ்ச நாளைக்கு எடுத்துக்கறோம். உள்ள தூங்கற உசுருங்களை எழுப்பி அனுப்பிடுங்க சாமி."

பெனித்தாவுக்குச் சிரிப்பு வந்தது. "என்ன அண்ணி, எங்க ஓட்டல்ல ரூம் காலி பண்ணச் சொல்ற மாதிரியே சொல்றீங்க!"

"வாயை மூடுடி. இதைச் சொல்லாம உங்கண்ணன் ஒரு கொப்பைக்கூட ஒடிச்சதில்ல."

தீப்பந்தத்தை வைத்தார்கள். புருஷன் செய்வது போலவே காற்றை அழைத்து எர்மெலிண்டா விசிலடித்தாள். காற்று வந்தது. தீ அவள் நினைத்த பக்கமே ஓடியது. அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

பிறகு காற்று திரும்பியது. சுழன்றுகொண்டு வந்தது. தீ பரவாமலிருக்க ஓரத்தில் சுத்தமாகச் செதுக்கி வைத்திருந்த தடத்தைத் தீ ஒரே தாவலில் தாண்டி, அவர்களுக்குப் பின்னாலிருந்த காட்டைப் பிடித்துக்கொண்டது. ஊருக்குப் போகும் பாதை புகையில் மறைந்தது.

"அண்ணி, எந்தப் பக்கம்? சொல்லுங்க அண்ணி!"

எர்மெலிண்டா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து நடந்த காடு, ஒரு மரம்கூட அடையாளம் தெரியவில்லை. கேட்ட முறையில் என்ன குறை வைத்தோம்? எந்த வார்த்தை தப்பிப் போனது? அதையேதான் மனசு திரும்பத் திரும்பக் கேட்டது.

அப்போது காலில் ஏதோ உரசியது. கீரியைவிடப் பெரிய கோவாட்டிகளின் கூட்டம் ஒன்று, நீண்ட மூக்கை முன்னே நீட்டி, குட்டிகளோடு ஓடியது. பின்னாலேயே ஒரு மான், அவர்களை மனுஷர்கள் என்றே மதிக்காமல் இடித்துக்கொண்டு போனது. எல்லாம் ஒரே பக்கம்.

"அதுங்க பின்னால ஓடுடி!"

முட்கள் கிழிக்க ஓடினார்கள். திடீரென்று நிலம் கீழே இறங்கியது. பூமி உள்வாங்கிய ஆழமான பள்ளம். வேர்களைப் பிடித்துச் சறுக்கி அடியில் விழுந்தார்கள். ஈர மண். மூச்சு விடக் காற்று இருந்தது. மானும் கோவாட்டிகளும் ஒரு பாறையோரம் ஒடுங்கி நின்றன. ஆனால் அவற்றின் கண்கள் தீயைப் பார்க்கவில்லை, எதிர்ப்பக்கம் பார்த்தன.

அங்கே புள்ளிப்புலி படுத்திருந்தது.

பத்தடி கூட இருக்காது. வாய் திறந்து மூச்சிரைத்தது. பெனித்தாவின் நகங்கள் எர்மெலிண்டாவின் கையில் இறங்கின. தலைக்கு மேலே தீ இரைந்தது. பொறிகள் உதிர்ந்தன. ஒன்று பெனித்தாவின் கூந்தலில் விழுந்து புகைந்தது. அவள் அசையவில்லை. கண்ணில் மட்டும் நீர் வழிந்தது.

எர்மெலிண்டா கையைத் தூக்கினாள். புலி உறுமியது. கை பாதியில் நின்றது. முடி கருகும் நாற்றம் வந்தது. புலியின் கண்ணைவிட்டுக் கண்ணை எடுக்காமல், கையை இன்னும் மெதுவாகக் கொண்டுபோய் நெருப்பை உள்ளங்கையில் அமுக்கினாள். தோல் வெந்தது. அவள் கத்தவில்லை.

தீ கடந்துபோன பிறகு முதலில் எழுந்தது புலிதான். உடம்பைச் சிலிர்த்துச் சாம்பலை உதறிவிட்டு, மானைத் திரும்பியும் பார்க்காமல் மேலேறிப் போனது.

நாலைந்து நாள் கழித்துப் பக்கத்துக் காட்டுக்காரன் எலாதியோ துப்பாக்கியோடு வீட்டு வாசலில் வந்து நின்றான். அவனுடைய கன்றுக்குட்டியைக் காணோம்.

"தீயில நீங்க ரெண்டு பேரும் அந்தப் பக்கம்தானே இருந்தீங்க? புலி கிலி எதாவது கண்ணுல பட்டுச்சா?"

எர்மெலிண்டா கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். இந்த வாயாடி இப்போது சொல்லிவிடப் போகிறாள் என்று பயந்தாள்.

"புலியா?" என்றாள் பெனித்தா. "புகையில எங்க மூக்கே எங்களுக்குத் தெரியலைண்ணே. வெந்து போயிருந்தா நீங்க எலும்பு பொறுக்கத்தான் வந்திருப்பீங்க!"

அவன் முனகிக்கொண்டே போனான்.

"கன்னுக்குட்டியை அதுதான் தின்னிருக்கும், இல்ல அண்ணி?"

"அதாத்தான் இருக்கும்."

"நம்ம பக்கமும் வருமா?"

எர்மெலிண்டா எழுந்து கொல்லைக்குப் போய், கட்டியிருந்த பன்றியை அவிழ்த்து, அது கத்தக் கத்த வீட்டுக்குள் இழுத்து வந்தாள். பெனித்தா கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள்.