அளவுக்கு ஒரு நண்டு

ஆபிரகாமின் குதிகாலில் திருக்கை முள் ஏறியது பெரிய விஷயமில்லை, அதன் பிறகு அவர் வீட்டோடு உட்கார்ந்ததுதான் பெரிய விஷயம் என்று பழவேற்காட்டுக் குப்பத்தில் பேச்சு. ஊர் வாயைக் குறை சொல்ல வேண்டாம். அவர் மனைவி சூசையம்மாளே அடிபம்பில் நின்று சொன்னதுதான். மனிதருக்குக் கால்தான் படுத்திருந்தது, வாய் எழுந்து நடமாடிக்கொண்டிருந்தது. கருவாட்டைக் காயப்போட்டால் திருப்பிப் போடச் சொல்வார். திருப்பிப் போட்டால் அதற்குள் ஏன் திருப்பினாய் என்பார். வாசலில் பூனை போனால், அது நேற்று வந்த பூனையா வேறு பூனையா என்று அவளைக் கூப்பிட்டுக் கேட்பார்.

முள்ளைக் கீறி எடுத்துப் புண்ணைச் சுத்தம் செய்தவர் பொன்னேரியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர். "நான் பார்த்துச் சொல்ற வரைக்கும் கால்ல தண்ணி படக் கூடாது" என்று அவர் சொன்னதைச் சூசையம்மாள் பத்துக் கட்டளையோடு பதினொன்றாகச் சேர்த்துக்கொண்டாள். காரணம், பக்கத்து வீட்டுத் தருமன். போன வருஷம் அவனுக்கும் இதே திருக்கை, இதே குதிகால். புண் ஆறிவிட்டதென்று தனக்குத்தானே தீர்ப்புச் சொல்லி ஏரியில் இறங்கினான். சீழ் பாதம் முழுக்கப் பரவி, கடைசியில் கால் சுண்டுவிரலை ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டு வந்தான்.

ஆனால் வெள்ளிக்கிழமை ஆபிரகாமின் பாடு.

முகத்துவாரத்திலிருந்து ஏரிக்குள் எறா, அதாவது இறால், ஏறி வரும் நல்ல வழி ஒன்றுதான். எல்லோரும் ஒரே நாளில் அங்கே கழி ஊன்றி வலை கட்டினால், எறாவை விட மண்டை உடைந்த ஆட்கள்தான் அதிகம் கரை சேர்வார்கள். அதனால் ஆளுக்கு ஒரு நாள் என்று முறை வைத்திருக்கிறார்கள். அந்த நாள்தான் அவரவர் பாடு. விட்டால், சுற்று முழுக்கப் போய்த் திரும்பி வருவதற்குள் சீசனே முடிந்துவிடும். தனக்குப் பதில் வேறு ஆளை அனுப்ப முடியாது. பாடு உள்ள இரண்டு பேர் ஒத்துக்கொண்டால் நாட்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். அதையும் முந்தின நாள் பொழுது சாய்வதற்குள் கூட்டத்தில் வந்து, எந்த நாளுக்கு எந்த நாள் என்று சொல்லிவிட வேண்டும். கால் எப்போது ஆறுமோ அப்போது என்றால், பெரியவர்கள் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார்கள்.

ஆக, சூசையம்மாளுக்கு வேண்டியது ஒரே ஒரு பதில்: வெள்ளிக்கிழமை இறங்கலாமா, கூடாதென்றால் என்றைக்கு இறங்கலாம்.

"என் காலு எனக்குத் தெரியாதாமே? ஆறிட்ச்சு" என்றார் ஆபிரகாம்.

"தருமனும் இதான் சொன்னான். இப்போ அவன்கிட்ட ஒம்போது வெரல் கீது. போய் எண்ணிட்டு வா."

செவ்வாய்க்கிழமை காலையில் அவரை பஸ்ஸில் ஏற்றிப் பொன்னேரிக்குக் கூட்டிப் போனாள். காலில் பாலித்தீன் பை, பைக்கு மேல் துணி, துணிக்கு மேல் இன்னொரு பை. பஸ்ஸில் பார்த்தவர்கள் ஏதோ பார்சல் போகிறதென்று நினைத்திருப்பார்கள்.

கிளினிக்கில் கண்ணாடிக்குப் பின்னால் ஐஸ்வர்யா என்று ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். நல்ல பெண்தான், முகத்தில் எப்போதும் சிரிப்பு. அந்தச் சிரிப்பைத் தாண்டித்தான் ஒருவரும் உள்ளே போக முடியாது.

"அம்மா, இப்போ எல்லாம் மெசேஜ்லதான். இந்த நம்பருக்கு மெசேஜ் போடுங்க. டோக்கன் வந்தா வாங்க."

"நாங்கதான் வந்துட்டமே கண்ணு. இதோ கீறாரு பாரு, முழுசா."

"நேர்ல வந்தா எடுத்துக்காதும்மா, சிஸ்டம் அப்படி."

சூசையம்மாள் அங்கேயே நின்று, அந்த நம்பருக்குக் கைகூப்பும் வணக்கப் படம் ஒன்று போட்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஐஸ்வர்யாவின் மேஜையில் இருந்த போன் டிங் என்றது. மூவரும் அதைப் பார்த்தார்கள்.

"வந்துட்ச்சு போலக் கீதே" என்றாள் சூசையம்மாள்.

"வந்துடுச்சும்மா. பதில் வரும், வீட்டுக்குப் போங்க."

பதில் வந்தது. பஸ் திருப்பாலைவனம் தாண்டும்போது, உங்கள் நலமே எங்கள் மகிழ்ச்சி, எங்களைத் தொடர்புகொண்டதற்கு நன்றி என்று வந்தது. அதைப் படித்துக் காட்டிய கண்டக்டர், யாருக்கம்மா பிறந்தநாள் என்று கேட்டுவிட்டுப் போனார்.

அன்று மாலையே பெனிட்டா வந்து சேர்ந்தாள். எதிர்வீடு. ஊரில் எவர் போன் சிணுங்கினாலும் எட்டிப் பார்த்து எட்டிப் பார்த்தே போன் வித்தையில் தேறியவள். நண்டு வியாபாரிகளின் வாட்ஸ்அப் குரூப்பை நடத்துவதும் அவள்தான். இங்கேயே கவர்ன்மெண்ட் டாக்டரிடம் காட்டினால் என்ன என்று முதலில் ஒரு யோசனை சொல்லிப் பார்த்தாள். கீறின கைதான் சொல்ல வேண்டும் என்பது சூசையம்மாளின் கட்சி. அந்தக் கட்சியில் அவள் ஒருத்திதான் உறுப்பினர், ஆனால் பெரும்பான்மை எப்போதும் அவளுக்குத்தான்.

முதலில் சூசையம்மாள் பேசியே அனுப்பினாள். டாக்டர் நல்லா இருக்கிறாரா, வீட்டம்மா நல்லா இருக்கிறார்களா, மழை அந்தப் பக்கம் எப்படி என்றெல்லாம் முறையாக விசாரித்துவிட்டு, காலுக்கு வருவதற்குள் பெனிட்டாவுக்குக் கொட்டாவி வந்துவிட்டது. குரல் பதிவுகள் ஏற்கப்படாது என்று பதில் வந்தது.

"ஒரு மரியாதைக்குக் கூடத் திருப்பி விசாரிக்கல பாரு" என்றாள் சூசையம்மாள்.

"அக்கா, அது மிஷின்."

"மிஷினுக்கு எழுதிக் குடுத்தது மனுஷன்தானே."

பிறகு மிஷின் கேள்வி கேட்க ஆரம்பித்தது. புதிய நோயாளி என்றால் ஒன்று, பழைய நோயாளி என்றால் இரண்டு. இரண்டு. உடலின் எந்தப் பகுதி? கால். வலியின் அளவை ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லவும்.

"அண்ணே, வலி எவ்ளோ கீது?" என்று பெனிட்டா உள்ளே குரல் கொடுத்தாள்.

ஆபிரகாம் யோசித்தார். மூன்று வாரமாக யாரும் அவரை இவ்வளவு அக்கறையாகக் கேட்டதில்லை. "பத்து போடு" என்றார்.

உடனடியாக அருகிலுள்ள அவசர சிகிச்சைப் பிரிவுக்குச் செல்லவும், இந்த உரையாடல் முடிந்தது என்று வந்தது.

மறுபடியும் முதலிலிருந்து. ஏரியில் இறங்கும் மனிதருக்கு வலி இருக்கிறது என்று சொன்னால் டாக்டர் எப்படி விடுவார் என்று ஆபிரகாம் இந்த முறை அரசியல் செய்தார். "ஒண்ணு போடு. அதுகூட வாணாம், முட்டை போடு."

உங்களுக்கு வலி இல்லை என்பதை அறிந்து மகிழ்கிறோம், இந்த உரையாடல் முடிந்தது.

"ஜாக்குலின் நைனா, வாயை மூடிக்கினு இரு" என்றாள் சூசையம்மாள். பெண் ஜாக்குலின் கல்யாணமாகிச் சென்னைக்குப் போய் எத்தனையோ வருஷமாகிவிட்டது. ஆனால் கோபம் வந்தால் புருஷனை அவள் அந்தப் பேரைச் சேர்த்துத்தான் கூப்பிடுவாள். "அஞ்சு போடு பெனிட்டா. நடுவால நின்னா எந்தப் பக்கமும் தள்ள முடியாது."

ஐந்து போட்டதும், வேலை நேரம் முடிந்தது, காலையில் தொடரவும் என்றது. புதன்கிழமை காலையில் தொடர்ந்தால், அதிகமானோர் காத்திருக்கிறார்கள் என்றது. சாயங்காலம் மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது. நீங்கள் புதிய நோயாளியா என்று கேட்டது. "நேத்து பார்த்தவளை யாருன்னு கேக்குது. கட்டிக்குடுத்த பொண்ணு கூட இப்படி மறக்காது" என்று சூசையம்மாள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

வியாழக்கிழமை மத்தியானம்தான் ஒரு வழியாக வழி திறந்தது. காயத்தின் புகைப்படத்தை அனுப்பவும், அளவு தெரியும்படி எடுக்கவும்.

அளவு தெரியும்படி என்றதும் இரண்டு பெண்களுக்கும் உற்சாகம் வந்துவிட்டது. இது அவர்களுக்குத் தெரிந்த வேலை. குரூப்பில் நண்டுப் படம் போட்டால் பக்கத்தில் கையோ செருப்போ வைத்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் குஞ்சு நண்டைக் கேமராவுக்குக் கிட்டே பிடித்து, ராட்சச நண்டென்று தலையில் கட்டிவிடுவார்கள். பெனிட்டாவே கட்டியிருக்கிறாள் என்று ஒரு பேச்சுண்டு. அது இப்போது வேண்டாம்.

"செருப்பை வைக்கலாமா?"

"செருப்புக்குச் செருப்பு அளவு மாறும்டீ. டாக்டர் எந்தச் செருப்புன்னு கண்டாரு? ஊரு ஒலகத்துக்கே அளவு தெரிஞ்ச பொருளா வையி."

ஊர் உலகத்துக்கே அளவு தெரிந்த பொருள் பெனிட்டா வீட்டுக் கூடையில் இருந்தது. கொடுக்கு இரண்டையும் நைலான் கயிற்றால் கட்டின சேற்று நண்டு. நல்ல சதைப்பிடிப்பு, ஓடு பச்சைக் கறுப்பில் மின்னியது. ஆபிரகாமின் குதிகாலுக்குப் பக்கத்தில் அதை வைத்தார்கள்.

"யாமே, அது நவுருது" என்றார் ஆபிரகாம்.

"கட்டித்தானே கீது. நீ நவுராத."

வெளிச்சத்தில் படம் துல்லியமாக விழுந்தது. அது போய்ச் சேர்ந்த மறு நிமிஷம் பதில். அதில் வணக்கம் இல்லை, நன்றி இல்லை, எண் எதையும் அமுக்கச் சொல்லவில்லை.

"நண்டு எந்த ஊர்? உயிரோடு கிடைக்குமா?"

பெனிட்டா வாயைப் பிளந்தாள். "அக்கா, இது மிஷின் இல்ல. வேற நம்பர்ல இருந்து வந்துகீது, டாக்டரே."

மூன்று நாளாக வலி, புண், தண்ணீர், பாடு என்று எழுதினதற்கெல்லாம் அசையாத கிளினிக் ஒரு நண்டுக்கு அசைந்துவிட்டது. வேறு யாராயிருந்தாலும் கோபப்பட்டிருப்பார்கள். சூசையம்மாள் பரம்பரையாக மீன் விற்றவள். வாங்க வந்தவன் கண் கூடைமேல் விழுந்துவிட்டால் அதன் பிறகு பேச வேண்டியது யார் என்று அவளுக்குத் தெரியும். போனை வாங்கி நேராகக் கூப்பிட்டாள். எடுத்தார்.

"சார், நான் ஆபிரகாம் பொஞ்சாதி பேசறேன், பழவேற்காட்ல இருந்து. நண்டு கீது. உயிரோட கீது."

"முக்கால் கிலோ இருக்கும் போலிருக்கே. பக்கத்துல இருக்கற காலை வச்சுப் பார்த்தேன்."

"நாங்க காலுக்கு அளவா நண்டை வச்சம் சார். நீங்க நண்டுக்கு அளவா காலை வச்சிட்டீங்க."

அந்தப் பக்கம் அவர் சிரித்தது ஆபிரகாம் வரைக்கும் கேட்டது.

"யார் கால்மா அது?"

"நீங்க கீறின காலு. மூணு நாளா நம்பர் அமுக்கி அமுக்கி வெரல் தேஞ்சு போச்சு. மொதல்ல காலைப் பாருங்க, அப்பால நண்டு பேசலாம்."

டாக்டர் வீடியோவில் வந்தார். நல்ல மனிதர்தான், படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார், ஓரத்தை அமுக்கச் சொன்னார், வலிக்கிறதா என்று கேட்டார். ஆபிரகாம் பத்து என்று சொல்ல வாயெடுத்து, மனைவி முகத்தைப் பார்த்து, "லைட்டா" என்றார்.

"கீழ் ஓரம் இன்னும் மூடல. நாளைக்கு எறங்கினா மறுபடி வெட்ட வேண்டி வரும். ஞாயித்துக்கிழமை வரைக்கும் காயட்டும். திங்கக்கிழமை காலையில வீடியோல ஒரு தடவை காட்டிட்டு எறங்கட்டும்."

"காட்டறதுன்னா அந்த நம்பர்லயா சார்?"

"வேணாம், இதே மாதிரி கூப்பிடுங்க. எடுக்கறேன்."

"எடுப்பீங்க. நண்டு நாளைக்கு மொத பஸ்ல வருது. திங்கக்கிழமை எடுத்தீங்கன்னா இன்னொண்ணு வரும்."

போனை வைத்ததும் சூசையம்மாள் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கோயில் பின்னால் கூட்டம் கூடுகிற வேப்பமரத்தடிக்கு நடந்தாள். ஆபிரகாம் நொண்டிக்கொண்டே பின்னால் வந்தார். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சனிக்கிழமைப் பாடு மேலத் தெரு ஆளுக்கு, ஞாயிறு யாருக்கும் கிடையாது, திங்கட்கிழமை தருமனுக்கு. தருமன் அங்கே பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தான்.

"தருமா, உன் திங்கக்கிழமையைக் குடு. எங்க வெள்ளிக்கிழமையை எடுத்துக்க."

தருமன் ஆபிரகாமின் காலைப் பார்த்தான். பிறகு தன் காலையும் ஒரு முறை பார்த்துக்கொண்டான்.

"எனக்கு இன்னா அண்ணி, நாளைக்கே போறேன். ஆனா ஒண்ணு. நாளைக்கு எனக்கு எறா அள்ளினா அண்ணன் மொறைக்கக் கூடாது."

"மொறைக்க மாட்டாரு, நான் பார்த்துக்கறேன்" என்றாள் சூசையம்மாள். பெரியவர்கள் இரண்டு பேரையும் கேட்டு, வெள்ளிக்குத் திங்கள் என்று சத்தமாகச் சொல்லி முடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை எறா அள்ளியது. அதை ஆபிரகாமிடம் சொல்லாமல் போனால் பாவம் என்று நினைத்தோ என்னவோ, குப்பமே ஒவ்வொருவராக வந்து சொல்லிவிட்டுப் போனது. எப்படிப்பட்ட எறா என்று விரலை நீட்டிக் காட்டினார்கள். ஆபிரகாம் மத்தியானம் சாப்பிடவில்லை.

"என் எறாமே அது."

"உன் பேரை நெத்தியில ஒட்டிக்கினா வந்துச்சு? சோத்தைத் துன்னு."

"டாக்டர் கால் ஆறிட்ச்சுன்னுதான் சொல்ல வந்தாரு. நீதான் நண்டு கிண்டுன்னு குழப்பிட்ட."

சனி, ஞாயிறு இரண்டு நாளும் இதே பாட்டு. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது, இன்னும் ஒரு ராத்திரிதான் என்று சூசையம்மாள் பெனிட்டாவிடம் சொன்னது நிஜம். பெனிட்டா அதை வேறு யாரிடமும் சொல்லவில்லை என்பது அவ்வளவு நிஜமில்லை.

திங்கட்கிழமை விடிந்ததும் டாக்டரைக் கூப்பிட்டாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பல் துலக்கிக்கொண்டே குதிகாலைப் பார்த்துவிட்டு, வாயில் நுரையோடு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார்.

கரையில் ஏழெட்டுப் பேர் வேலையில்லாமல் கூடியிருந்தார்கள், சும்மா பார்க்கத்தான். ஆபிரகாம் படகிலிருந்து முதலில் நல்ல காலை இறக்கினார், பிறகு மற்றதை. தண்ணீர் குதிகாலைத் தொட்டதும் ஒரு நொடி நின்றார். சூசையம்மாள் தண்ணீர் விளிம்பு வரை வந்துவிட்டாள். பிறகு அவர் கழியைத் தூக்கிச் சேற்றில் ஊன்றினார். அடுத்த கழிக்கு நடந்தார், நொண்டாமல்.

"இன்னா அக்கா, அழுவறியா?" என்றாள் பெனிட்டா.

"வெயிலு. போய் உன் கூடையில நல்ல நண்டா ஒண்ணு எடுத்து வையி, பஸ் வந்துரும்" என்று சொல்லிவிட்டுச் சூசையம்மாள் வீட்டுக்குப் போனாள். போனவள் கதவைச் சாத்திக்கொண்டு மத்தியானம் வரைக்கும் தூங்கினாளாம்.